மூளையில் புரதம் சேர்வதால் மறதி நோய் என்கிறார்கள், அப்படியானால் பருப்பு, முட்டையை நிறுத்த வேண்டுமா?

தெற்குவாசல் எழுதியது:

வணக்கம். அம்மாவுக்கு 71 வயது, ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். இரண்டு வருடமாகவே மறதி இருந்தது, வயசுதானே என்று விட்டுவிட்டோம். போன மாதம் ரேஷன் கார்டைக் காணோம் என்று வீட்டையே புரட்டிப் போட்டுத் தேடினோம். நான்கு நாள் கழித்து அரிசி ட்ரம்முக்குள்ளிருந்து வந்தது. அதை அங்கே வைத்ததும் அம்மாவுக்கு ஞாபகம் இல்லை, நாங்கள் நான்கு நாள் தேடியதும் ஞாபகம் இல்லை. ஆனால் திருப்பாவை முப்பதும் இன்றைக்கும் தடங்கல் இல்லாமல் சொல்கிறார், பதினாறாம் வாய்ப்பாடு கேட்டால் பட்டென்று வருகிறது. இது எப்படி என்று எனக்குப் புரியவே இல்லை.

மதுரையில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் காட்டினோம். எம்ஆர்ஐ படத்தைப் பார்த்துவிட்டு, மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி சுருங்கியிருக்கிறது, அல்சைமர் ஆரம்பமாக இருக்கும், மூளையில் புரதம் கட்டிகட்டியாகச் சேர்வதால் வருவது என்று சொல்லி டோனெபெசில் என்ற மாத்திரை 5 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள், அதற்கு மேல் எதுவும் கேட்க முடியவில்லை.

அதிலிருந்துதான் குழப்பம். "கட்டி" என்றதும் சித்தப்பா அது கேன்சர் கட்டி என்று முடிவு செய்து, ஆபரேஷன் பண்ணி எடுத்துவிடலாமே என்று தினமும் போன் செய்கிறார். சித்தி "புரதம்" என்பதைப் பிடித்துக்கொண்டார். அவர் தெருவில் ஒரு பெரியவருக்கு ஏதோ மூளை நோயாம், அவருக்கு டாக்டரே பருப்பு, முட்டையைக் குறைக்கச் சொன்னாராம். அதைக் கேட்டு நாங்களும் பருப்பு, சுண்டல், முட்டை, பால் எல்லாவற்றையும் நிறுத்தி மூன்று வாரம் ஆகிறது. ரசம் சோறும் கஞ்சியுமாக ஓடுகிறது. அம்மா இரண்டு கிலோ இறங்கிவிட்டார், எழுந்து நின்றாலே தலை சுற்றுகிறது என்கிறார்.

நான் ஒரே மகள், எல்லோரும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள், முடிவு மட்டும் நான் எடுக்க வேண்டியிருக்கிறது. புரதத்தை நிறுத்துவது சரியா? மூளையில் சேர்ந்த புரதத்தைக் கரைக்கிற மருந்து வெளிநாட்டில் வந்துவிட்டது என்கிறார்களே, உண்மையா? என் பெண்ணுக்கு எட்டு வயது, பாட்டி கூடவே ஒரே தட்டில் சாப்பிடுகிறாள், இது ஒருவரிடமிருந்து ஒருவருக்கு வருமா? எனக்கு வருமா? தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொல்லுங்கள்.


உடன்குடியான் எழுதியது:

முதலில் இதைச் செய்யுங்கள், மற்றதை அப்புறம் படித்துக்கொள்ளலாம். இன்று ராத்திரியே அம்மாவுக்குப் பருப்பு போட்டுச் சோறு கொடுங்கள். நாளைக் காலையில் முட்டையோ பாலோ கொடுங்கள். நான் மருத்துவர் இல்லை, கல்லூரியில் உயிர்வேதியியல் எடுக்கிறேன், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் எனக்குத் துளிகூடச் சந்தேகம் இல்லை. சாப்பிடுகிற புரதம் வயிற்றிலும் குடலிலும் அமினோ அமிலங்களாக உடைந்துவிடும், துவரம்பருப்பில் இருந்த புரதம் அப்படியே போய் மூளையில் உட்காருவதில்லை. மூளையில் சேர்வது, மூளைச் செல்கள் தங்களுடைய ஜீனைப் படித்துத் தாங்களே செய்துகொள்ளும் புரதம். நீங்கள் பட்டினி போட்டாலும் அதைச் செய்துகொண்டுதான் இருக்கும். எழுபது வயதில் புரதத்தைக் குறைத்தால் தசைதான் கரையும், அம்மா கீழே விழுவார்.

சித்தப்பாவிடம் சொல்லுங்கள், இது கேன்சர் கட்டி மாதிரி பெருகுகிற கட்டி இல்லை. நுண்ணோக்கியில் மட்டும் தெரியும் அளவில், மூளை முழுக்கத் தூவிவிட்டாற்போல் கிடப்பது. கத்தி வைத்து எடுக்க ஓர் இடம் கிடையாது. நான் வகுப்பில் "திரட்சி" என்றுதான் சொல்வேன், கட்டி என்ற சொல் இந்த மாதிரி வீடுகளில் எவ்வளவு பயத்தைக் கிளப்புகிறது என்று பார்த்த பிறகு.

இப்போது உண்மையில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த ஒரு நீளமான மாலை. மாலையாக இருக்கும்வரை அதற்கு வேலை இல்லை, சரியான வடிவத்தில் மடிந்த பிறகுதான் வேலை செய்யும். எப்படியெல்லாம் மடியலாம், எப்படி மடிய முடியாது என்று 1963-ல் வரைபடமே போட்டுக் காட்டியவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜி. என். ராமச்சந்திரன். இன்றைக்கும் உலகில் எந்த மூலையில் ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடித்தாலும் ராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள். அவரே கடைசிக் காலத்தில் பார்க்கின்சன் நோயால் அவதிப்பட்டார், புரதம் தப்பாக மடிந்து திரளும் நோய்களில் அதுவும் ஒன்று. இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் தொண்டை அடைக்கும்.

அல்சைமரில் முதலில் மாட்டுவது பீட்டா அமிலாய்டு. நரம்புச் செல்லின் சுவரில் ஏபிபி என்று ஒரு பெரிய புரதம் இருக்கிறது, அதை இரண்டு என்சைம்கள் இரண்டு இடத்தில் வெட்டும்போது விழுகிற சின்னத் துண்டுதான் இது. பெரும்பாலும் 40 அமினோ அமில நீளம், சில சமயம் 42. அந்தக் கடைசி இரண்டு கூடினால் துண்டு ஒட்டும் தன்மை கொண்டதாகிவிடுகிறது. இது உங்களுக்கு, எனக்கு, எட்டு வயதுப் பெண்ணுக்கு, எல்லோருக்கும் உருவாகிறது, உடல் அப்புறப்படுத்திக்கொண்டே இருக்கிறது. உருவாவது கூடினாலோ, அப்புறப்படுத்துவது வயதில் தளர்ந்தாலோ துண்டுகள் ஒன்றோடு ஒன்று சேர ஆரம்பிக்கும். சேரும்போது வடிவம் மாறும், புடவைக் கொசுவம் மாதிரி மடிப்பு மடிப்பாக நீண்டு, ஒன்றின் மேல் ஒன்று அடுக்காகப் படியும். கொசுவத்தில் பின் குத்தியது போல் அந்த அடுக்கு இறுகிவிட்டால், செல்லின் குப்பை அகற்றும் ஏற்பாட்டால் அதைப் பிரிக்க முடிவதில்லை.

எங்கள் பக்கம் பனங்கற்கண்டு செய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? பதநீரைக் காய்ச்சிப் பாகாக்கி, பாத்திரத்துக்குள் நூல் கட்டித் தொங்கவிட்டு, வாரக்கணக்கில் அசைக்காமல் வைத்துவிடுவார்கள். முதல் சில நாள் ஒன்றுமே தெரியாது. நூலில் ஒரு சின்ன மணி பிடித்துவிட்டால் போதும், பாகில் உள்ள இனிப்பெல்லாம் அதன் மேல் வந்து அதே வடிவத்தில் படிய ஆரம்பிக்கும். இதுவும் அப்படித்தான். முதல் மணி உருவாவதுதான் கடினம், அது வருடக்கணக்கில் எடுக்கும், உருவான பிறகு தப்பாக மடிந்த ஒன்று பக்கத்தில் உள்ள நல்லதையும் தன் வடிவத்துக்கு இழுத்துவிடும். மறதி வெளியே தெரிவதற்குப் பதினைந்து, இருபது வருடம் முன்பே அமிலாய்டு படிய ஆரம்பித்துவிடுகிறது என்று ஸ்கேன்களில் தெரிந்திருக்கிறது. அதனால் "முன்னாடியே கவனித்திருந்தால்" என்று தயவுசெய்து உங்களையே நொந்துகொள்ளாதீர்கள்.

இரண்டாவது ஆள் டௌ. இது செல்லுக்கு உள்ளே இருக்கும் புரதம், நரம்புச் செல்லின் நீண்ட வால் பகுதியில் சரக்கு போகிற தண்டவாளங்களைத் தாங்கிப் பிடிப்பது. நோயில் இது தண்டவாளத்தை விட்டுக் கழன்று, தனக்குள்ளேயே முறுக்கிக்கொண்டு முடிச்சாகிவிடும். 1906-ல் அலோய்ஸ் அல்சைமர், இறந்துபோன அகுஸ்டே டேட்டர் என்ற பெண்ணின் மூளையைச் சாயமிட்டுப் பார்த்தபோது கண்டது இந்த இரண்டையும்தான், செல்லுக்கு வெளியே படிவு, உள்ளே முடிச்சு.

அம்மாவுக்கு ரேஷன் கார்டு போய், திருப்பாவை நிற்பதற்குக் காரணமும் இதில் இருக்கிறது. டௌ முடிச்சு மூளை முழுக்க ஒரே நாளில் வருவதில்லை. 1991-ல் ஹைகோ பிராக், ஈவா பிராக் தம்பதி எண்பத்து மூன்று மூளைகளை வெட்டிப் பார்த்து அதை ஆறு கட்டமாகப் பிரித்தார்கள். முதலில் பிடிப்பது ஹிப்போகேம்பஸும் அதை ஒட்டிய பகுதியும், அதுதான் இன்று நடந்ததைப் பதிவு செய்கிற இடம். அறுபது வருடமாகச் சொல்லிச் சொல்லிப் பதிந்த பாசுரமும் வாய்ப்பாடும் மூளையின் மேற்பரப்பில் பரவலாகக் கிடக்கின்றன, அங்கே நோய் கடைசியில்தான் போகும். பாடச் சொல்லுங்கள். அந்த வழி இன்னும் திறந்திருக்கிறது.


பழைய ஊஞ்சல் எழுதியது:

சித்தி சொன்ன பெரியவருக்குக் கை நடுங்குமா என்று கேட்டுப் பாருங்கள். நடுங்கும் என்றால் அவருக்கு பார்க்கின்சனாக இருக்கலாம், லெவோடோபா மாத்திரை சாப்பிடுகிறவராக இருப்பார். அந்த மாத்திரையும் சாப்பாட்டுப் புரதத்தில் வருகிற அமினோ அமிலங்களும் குடலில் ஒரே வாசல் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும், சேர்ந்து போனால் மாத்திரைக்கு இடம் கிடைக்காது. அதனால்தான் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் மாத்திரை போடு, பகலில் புரதத்தைக் குறைத்து ராத்திரிக்குத் தள்ளு என்று சொல்வார்கள். மூளையில் சேர்கிற புரதத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. எங்கள் அப்பாவுக்கும் இதே அறிவுரை, அதைக் கேட்டு அக்கம்பக்கத்தில் மூன்று பேர் முட்டையை விட்டார்கள்.

அப்பா கதையைச் சொல்கிறேன், உங்களுக்கு இல்லாவிட்டாலும் வேறு யாருக்காவது உதவும். அப்பாவுக்கு மறதி பெரிதாக இல்லை. சாயங்காலமானால் கூடத்து ஊஞ்சலில் இரண்டு சின்னப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பதாகச் சொல்வார். பயம் ஒன்றும் இல்லை, "அந்தப் பிள்ளைகளுக்கு ஏதாவது சாப்பிடக் கொடுத்தியா" என்று அம்மாவிடம் கேட்பார், பச்சைச் சட்டை, பின்னலில் ரிப்பன் என்று அடையாளம்கூடச் சொல்வார். ஒரு நாள் தெளிவாகப் பேப்பர் படிப்பார், அடுத்த நாள் பனியன் போடத் தெரியாது. இதற்குப் பத்து வருடம் முன்பே ராத்திரி தூக்கத்தில் கையைக் காலை வீசி, கத்தி, ஒருமுறை அம்மா மேலேயே அடி விழுந்திருக்கிறது. வாசனை தெரியாது, தாளிக்கிற வாசம்கூடத் தெரியாது. தீராத மலச்சிக்கல். இதெல்லாம் ஒரே நோயின் கோடுகள் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

ஒரு ராத்திரி அதிகமாகக் கலவரப்பட்டார் என்று பக்கத்தில் ஒரு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். பிரமை என்றதும் ஹாலோபெரிடால் ஊசி போட்டார்கள். விடிவதற்குள் அப்பா மரக்கட்டை மாதிரி விறைத்துவிட்டார், தண்ணீர்கூட விழுங்க முடியவில்லை, ஒன்பது நாள் அப்படியே கிடந்தார். அப்புறம் வேறு ஒரு மருத்துவர்தான் இது லூயி பாடி மறதி நோய், இவர்களுக்கு அந்த மருந்து ஆகவே ஆகாது என்று சொன்னார்.

பார்க்கின்சனிலும் லூயி பாடியிலும் திரள்கிற புரதம் ஒன்றுதான், ஆல்ஃபா சைனுக்ளின். எந்தப் புரதம், மூளையில் எந்த இடம் என்பதைப் பொறுத்து ஆள் மாறுகிறார். ஒருவருக்குக் கை நடுக்கம், ஒருவருக்கு ஊஞ்சலில் பிள்ளைகள். மறதி என்றால் எல்லாம் ஒரே நோய் என்று நினைத்துவிடாதீர்கள், அம்மாவுக்கு இல்லாத உருவம் தெரிகிறதா, தூக்கத்தில் அடிக்கிறாரா என்று கவனித்து அடுத்த முறை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.


கேள்விமட்டும் எழுதியது:

உடன்குடியான் அண்ணா விளக்கியது நன்றாக இருக்கிறது, ஆனால் திரட்சிதான் நோய்க்குக் காரணம் என்று இவ்வளவு உறுதியாகச் சொல்லலாமா? நெருப்பு எரிந்து முடிந்த இடத்தில் சாம்பலைப் பார்த்து, சாம்பல்தான் வீட்டை எரித்தது என்று சொன்ன மாதிரி ஆகிவிடக் கூடாது.

அமெரிக்காவில் 678 கன்னியாஸ்திரிகளை வருடக்கணக்கில் சோதித்து, இறந்த பிறகு அவர்கள் கொடுத்துவிட்டுப் போன மூளையையும் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. அதில் ஒரு சகோதரி 101 வயதில் இறந்தார், கடைசிவரை ஞாபகச் சோதனைகளில் நல்ல மதிப்பெண், மூளையைப் பார்த்தால் படிவும் முடிச்சும் ஏராளம். எழுபது தாண்டி நன்றாக நடமாடுகிறவர்களில் ஐந்தில் ஒருவருக்காவது ஸ்கேனில் அமிலாய்டு தெரிகிறது. படிவு இருந்தும் நோய் இல்லை என்றால் படிவை எப்படிக் குற்றவாளி ஆக்குவது?

இன்னொன்று. ஒரு குறிப்பிட்ட அமிலாய்டுத் திரள்தான் எலிகளுக்கு மறதியைக் கொண்டுவருகிறது என்று 2006-ல் நேச்சர் இதழில் வந்த கட்டுரை, படங்கள் திருத்தப்பட்டவை என்று தெரிந்து 2024-ல் திரும்பப் பெறப்பட்டது. பதினெட்டு வருடம் அதை மேற்கோள் காட்டிக்கொண்டே இருந்தார்கள். நோயாளி வீட்டில் உட்கார்ந்திருக்கிற நமக்கு இது சாதாரண விஷயம் இல்லை. எங்கள் பாட்டி ஆறு வருடம் இந்த நோயில் கிடந்தார், அந்த ஆறு வருடமும் அடுத்த வருடம் மருந்து வந்துவிடும் என்று படித்துப் படித்துக் காத்திருந்தேன், அந்த வலியில்தான் கேட்கிறேன்.


உடன்குடியான் எழுதியது:

நியாயமான கேள்வி தம்பி. அந்தக் கட்டுரை விஷயத்தில் எனக்கும் கோபம் உண்டு. ஆனால் அமிலாய்டு பற்றிய எண்ணம் அந்த ஒரு கட்டுரையின் மேல் நிற்கவில்லை, அதற்கு முன்பே ஜீன்களில் சாட்சி கிடைத்துவிட்டது.

ஏபிபி ஜீன் 21-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு அந்தக் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று. நாற்பது வயதுக்குள் அவர்கள் மூளையில் அமிலாய்டு படிந்துவிடுகிறது, பலருக்கு ஐம்பதுகளில் மறதி வருகிறது. 1991-ல், சின்ன வயதிலேயே அல்சைமர் வரும் ஒரு குடும்பத்தில் ஏபிபி ஜீனில் ஒரே ஒரு எழுத்து மாறியிருப்பதை லண்டனில் கண்டுபிடித்தார்கள். என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஐஸ்லாந்து. 2012-ல் வந்த ஆய்வு அது, அதே ஜீனில் வேறொரு மாற்றம் உள்ளவர்களுக்கு அமிலாய்டு துண்டு ஏறக்குறைய 40 சதவீதம் குறைவாக உருவாகிறது, அவர்களுக்கு அல்சைமர் வருவதும் அரிது. கூட்டினால் நோய் வருகிறது, குறைத்தால் காக்கிறது. சாம்பல் மட்டும்தான் என்றால் இது நடக்கக் கூடாது இல்லையா?

ஆனால் நீங்கள் சொன்ன கன்னியாஸ்திரியும் உண்மை. நான் புரிந்துகொண்டது இதுதான்: அமிலாய்டு திரி கொளுத்துகிறது, வீட்டை எரிப்பது டௌ. மறதியின் அளவு டௌ பரவிய அளவோடுதான் ஒத்துப்போகிறது, அமிலாய்டு அளவோடு அவ்வளவாக இல்லை. டௌ ஜீனிலேயே பழுது இருந்தால் அமிலாய்டு இல்லாமலே வேறு வகை மறதி நோய் வரும் என்று 1998-ல் தெரிந்தது. பெரிய படிவைவிட, அதற்கு முந்தைய நிலையில் பத்து இருபது துண்டுகள் சேர்ந்து கரைந்த நிலையில் திரிகிற சின்னத் திரள்கள்தான் நரம்பு இணைப்புகளை அதிகம் கெடுக்கின்றன என்று சோதனைச் சாலைகளில் காட்டியிருக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் பெரிய படிவு ஓரளவுக்கு விஷத்தை ஓரிடத்தில் ஒதுக்கி வைக்கிற குப்பைமேடாகவும் இருக்கலாம். இதில் ஆராய்ச்சியாளர்களுக்குள்ளேயே இன்னும் சண்டை ஓயவில்லை.

ஒட்டுமா என்ற கேள்விக்கு வருகிறேன். பேத்தி பாட்டி தட்டிலேயே சாப்பிடட்டும், மடியில் படுக்கட்டும், ஒன்றும் ஆகாது. தப்பாக மடிந்த புரதம் பக்கத்துச் செல்லுக்குப் பரவும் என்பது உண்மை. பார்க்கின்சன் நோயாளிகளுக்குக் கருவிலிருந்து எடுத்த இளம் செல்களை மூளையில் பதித்தார்கள், பத்துப் பதினைந்து வருடம் கழித்து அவர்கள் இறந்த பிறகு பார்த்தால் அந்த இளம் செல்களுக்குள்ளும் லூயி திரட்சி இருந்தது, 2008-ல் அது வெளியானது. ஆனால் இது ஒரே மூளைக்குள் நடப்பது. ஆளுக்கு ஆள் தாவியது மிக அபூர்வமான சூழலில் மட்டும். பப்புவா நியூ கினியில் ஃபோரே மக்கள் இறந்த உறவினரின் மூளையைச் சடங்காகச் சாப்பிட்டபோது குரு என்ற பிரியான் நோய், அதாவது தப்பாக மடிந்த புரதமே தொற்றிப் பரப்புகிற நோய், பரவியது. பிரிட்டனில் 1985 வரை இறந்தவர்களின் மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எடுத்த வளர்ச்சி ஹார்மோனை ஊசியாகப் போட்டுக்கொண்ட சிலருக்கு, பல பத்தாண்டு கழித்து அல்சைமர் போன்ற மறதி வந்ததாக 2024-ல் எழுதினார்கள். அந்த ஊசி நின்று நாற்பது வருடம் ஆகிறது. எச்சில், தும்மல், தொடுதல், ஒரே படுக்கை, எதிலும் இது வராது.


வல்வைக்காரி எழுதியது:

நான் இங்கிலாந்தில் ஒரு ஞாபக கிளினிக்கில் தாதியாக வேலை செய்கிறேன். தங்கச்சி, மருந்து பற்றி நீங்கள் கேட்டதற்கு நான் சொல்கிறேன், ஏனென்றால் இதே கேள்வியோடு வாரத்துக்கு நாலு குடும்பத்தோடு கதைக்கிறேன்.

லெகானமாப் என்ற மருந்து உண்மைதான். அமெரிக்காவில் 2023-ல் அனுமதி கிடைத்தது, 2024-ல் டோனானமாப் என்று இன்னொன்று. இரண்டும் எதிர்ப்பொருள் மருந்துகள், அமிலாய்டில் போய் ஒட்டி அதை அப்புறப்படுத்த வைக்கும். ஸ்கேனில் பார்த்தால் படிவு நன்றாகக் குறைவது கண்ணுக்கே தெரியும். ஆனால் ஆள்? லெகானமாப் சோதனையில் 1795 பேர், 18 மாதம். மருந்து போட்டவர்களும் மோசமானார்கள், போடாதவர்களைவிட 27 சதவீதம் மெதுவாக. 18 புள்ளி அளவுகோலில் அந்த வித்தியாசம் 0.45. வீட்டில் இருப்பவர்களுக்கு அது தெரியுமா என்பதில் எங்கள் கிளினிக் மருத்துவர்களுக்கே ஒரே கருத்து இல்லை. படிவை எடுத்தும் நோய் நிற்கவில்லை, எடுத்ததால் கொஞ்சம் தாமதமும் ஆனது. மேலே நடந்த வாக்குவாதத்தில் இரண்டு பக்கமும் சொன்னது இந்த ஒரு சோதனையிலேயே இருக்கிறது.

அந்தச் சோதனையில் லெகானமாப்பை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நரம்பில் ஏற்றினார்கள், நடுவில் எம்ஆர்ஐ பல தடவை. சோதனையில் நூற்றுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று பேருக்கு மூளையில் வீக்கம் வந்தது, அதில் பலருக்கு அறிகுறி எதுவும் இல்லை, சிலருக்கு ஆபத்தாகவும் முடியும். ஏபிஓஇ4 என்ற ஜீன் வகை தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்திருந்தால் மூன்றில் ஒருவருக்கு. இங்கே 2024 ஆகஸ்டில் மருந்துக்கு அனுமதி கொடுத்த அதே நாளில், கிடைக்கிற பலனுக்கு இந்தச் செலவு தகாது, அரசு மருத்துவத்தில் தர வேண்டாம் என்று மதிப்பீட்டு அமைப்பு தன் வரைவில் சொன்னது. காணியை விற்று இதன் பின்னால் ஓடுவதற்கு முன் பத்துத் தடவை யோசியுங்கள். டோனெபெசில் திரட்சியைத் தொடாது, மிச்சம் இருக்கிற செல்களுக்குள் செய்தி போவதைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும், அதனால் விட வேண்டாம். ஆரம்பத்தில் குமட்டல், பசியின்மை வரலாம், எடை இறங்கியதில் அதற்கும் பங்கு இருக்கலாம், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எம்ஆர்ஐயில் அமிலாய்டு தெரியாது. சுருக்கம் மட்டும் தெரியும். புரதத்தைப் பார்க்க பெட் ஸ்கேன் வேண்டும், அல்லது முதுகுத்தண்டு நீர் எடுக்க வேண்டும், இப்போது பி-டௌ217 என்று ரத்தத்திலேயே பார்க்கிற பரிசோதனையும் வந்திருக்கிறது. அதற்கெல்லாம் முன்னால் ஒன்று கேட்கிறேன், பி12, தைராய்டு இரண்டும் பார்த்தார்களா? இவை குறைந்தாலும் மறதி வரும், மலிவான ரத்தப் பரிசோதனை, சரிசெய்யவும் முடியும். நீங்கள் வேறு பால், முட்டையை நிறுத்தியிருக்கிறீர்கள், பி12 வருவதே அவை போன்ற விலங்கு உணவுகளிலிருந்துதான்.

உங்களுக்கு வருமா என்றால், பெற்றோரில் ஒருவரிடமிருந்து பிள்ளைக்கு நேராக இறங்குகிற வகை நூற்றில் ஒன்றுகூட இல்லை, அதுவும் பெரும்பாலும் அறுபதுக்கு முன்னாலேயே வந்துவிடும். அம்மாவுக்கு எழுபதை ஒட்டி வந்தது அந்த வகை போல் தெரியவில்லை. ஆபத்து கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். பிரஷர், சுகர், காது கேட்கும் திறன் இவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கும் காது சோதியுங்கள், கேட்காத பேச்சை மறந்துவிட்டார் என்று நாமே எழுதிக்கொள்வது உண்டு.


தெற்குவாசல் எழுதியது:

பதினோரு நாள் கழித்து எழுதுகிறேன், எல்லோரும் மன்னிக்க வேண்டும்.

அன்று ராத்திரியே பருப்பு வைத்தேன். சித்தியிடம் கேட்டேன், அந்தப் பெரியவருக்குக் கை நடுங்குகிறது, டம்ளர் பிடிக்க முடியாது, மாத்திரையும் நீங்கள் சொன்ன அதே மாத்திரைதான். சித்தி போனிலேயே அழுதுவிட்டார், பட்டினி போட வைத்துவிட்டேனே என்று. தப்பு அவர் மேல் இல்லை என்று சொன்னேன்.

பி12 பார்க்கவே இல்லை. இப்போது பார்த்தோம், 142 வந்தது, 200-க்குக் கீழே போகக் கூடாதாம். ஊசி ஆரம்பித்திருக்கிறார்கள். மருத்துவர் இந்த முறை பத்து நிமிடம் உட்கார வைத்துப் பேசினார். மறதியில் ஒரு பங்கு இதனால் இருக்கலாம், ஆனால் அந்தச் சுருக்கம் பி12-ஆல் வந்ததாகத் தெரியவில்லை, அல்சைமர் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள் என்றார். வெளிநாட்டு ஊசி பற்றிக் கேட்டேன், வல்வைக்காரி அக்கா சொன்னதையேதான் அவரும் சொன்னார். தலைசுற்றல் நின்றுவிட்டது. எடை அரைக் கிலோ ஏறியிருக்கிறது.

நேற்று சாம்பாரை வாயில் வைத்ததும் உப்பு கம்மி என்றார். போட்டேன். இரண்டு நிமிடம் கழித்து மறுபடியும் உப்பு கம்மி என்றார். முன்பெல்லாம் எரிச்சல் வரும், இப்போது அந்த ஹிப்போகேம்பஸ் ஞாபகம் வருகிறது, போட்டுவிட்டேன் அம்மா என்று இன்னொரு தடவை சொன்னேன். சாயங்காலம் என் பெண்ணுக்கு மாலே மணிவண்ணா சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார், அவள் ஒரு வார்த்தையை விட்டுவிட்டதும் நிறுத்தித் திருத்தினார்.

பழைய ஊஞ்சல் அண்ணா, நீங்கள் சொன்னதிலிருந்து கவனித்துப் பார்க்கிறேன், உருவம் எதுவும் தெரிவதாகச் சொல்லவில்லை. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து ஸ்கூலுக்கு நேரமாகிவிட்டது என்று புடவை மாற்றுகிறார். அப்பாவை ராத்திரி எப்படிச் சமாளித்தீர்கள்? கதவைப் பூட்டினால் பயப்படுகிறார், பூட்டாமல் விட்டால் எனக்குத் தூக்கம் இல்லை.


பழைய ஊஞ்சல் எழுதியது:

உள்ளே இருந்து பூட்டுங்கள், சாவியை அவர் கண்ணில் படாமல் வையுங்கள், பூட்டின் மேல் துணிப்பையைத் தொங்கவிட்டு மறையுங்கள், அப்பாவுக்குக் கதவு இருப்பதே தெரியாமல் போனது இப்படித்தான். தீ, புகை என்று எதுவும் வந்தால் உடனே திறக்கும்படி ஒரு சாவி உங்கள் தலையணைக்கு அடியில் இருக்கட்டும். பாத்ரூமில் சின்ன விளக்கு எரியட்டும். பகலில் ஒரு மணி நேரமாவது வெயில் படுகிற மாதிரி நடக்க வையுங்கள், மத்தியானத் தூக்கத்தைக் குறையுங்கள். டோனெபெசில் ராத்திரி கொடுக்கிறீர்கள் என்றால் காலைக்கு மாற்றலாமா என்று கேளுங்கள், அப்பாவுக்கு அதை மாற்றியதும் ராத்திரி எழுவது பாதி குறைந்தது. ஸ்கூலுக்கு நேரமாகிவிட்டது என்றால் வாக்குவாதம் வேண்டாம், இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை டீச்சர், லீவு என்று சொல்லிப் பாருங்கள்.